ஒற்றைக்கொம்பனுக்கு வந்த இரண்டாவது கொம்பு

என் அண்ணியின் வேலை பல் செய்வது. பிடுங்குவது டாக்டர். பிடுங்கிய இடத்தில் வைக்க ஒரு பல் வேண்டுமே, அதை யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டுமே, அந்த யாராவதுதான் அண்ணி. இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அவள் வேலை பார்க்கும் இடம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. நீளமான மேஜை, அதன்மேல் யார் யாருடைய பல் வரிசைகளோ மாவு அச்சுகளாக வாயைத் திறந்தபடி கிடக்கும், மூலையில் பீங்கான் சுடுகிற சின்ன உலை. எங்கே கை வைத்தாலும் வெள்ளையாக ஒட்டும். ஒருமுறை போய்விட்டு வந்து என் கைப்பையை மூன்று தடவை தட்ட வேண்டியிருந்தது.

பல் வெள்ளை என்று யாராவது சொன்னால் அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஈறுக்குப் பக்கத்தில் மஞ்சள், நுனியில் லேசான சாம்பல், நடுவில் அவரவர் குடித்த டீயின் நிறம் என்பாள். பீங்கான் மாவைக் குழைத்து, முடி போன்ற தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, சுட்டு, மறுபடி வைத்து, மறுபடி சுட்டு அந்த நிறங்களைக் கொண்டுவருவாள். பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பார்த்தால் எது பிறவிப் பல், எது செய்த பல் என்று பெற்ற தாய்க்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். அண்ணியிடமிருந்து போனது எதுவும் அப்படித் திரும்பி வந்ததில்லை என்று அவளுடைய முதலாளியே பெருமையாகச் சொல்லுவார்.

யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைப் பார்ப்பது அவள் வழக்கம். அண்ணனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசி அவளை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, எல்லோரும் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் கண் மட்டும் என் உதட்டுக்குக் கீழேயே நின்றது. என் கோரைப்பல் ஒன்று சின்ன வயதிலேயே முனை உடைந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் வாயை மூடிக்கொண்டே சிரித்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

வயதில் அவள் என்னைவிட இளையவள். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது, அதனால் நான் அவளை அண்ணி என்பேன். அவள் என் வயதைப் பார்த்து என்னை அக்கா என்பாள். இருவரும் மாறி மாறி ஒருவரையொருவர் பெரியவளாக்கி மரியாதை கொடுத்துக்கொள்வதைப் பார்த்து அண்ணன் தனக்குள் சிரித்துக்கொள்வான். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஊரில் இருக்கிற உயரமான கட்டிடங்களிலெல்லாம் ஏறி இறங்குவான், வீட்டில் ஒரு பிரச்சினை என்று வந்துவிட்டால் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிடுவான். நான் அவர்கள் குடியிருக்கும் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் துணி திருத்தித் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே அவர்கள் வீடு, அதற்குப் பக்கத்தில் என் வீடு. ஆகவே நடப்பது எல்லாம் என் காதில் விழும். விழாதவற்றை நானே போய் விசாரித்துக்கொள்வேன்.

அண்ணனுக்கு முதல் மனைவி வழியில் ஒரு மகள். பிறந்தபோது குட்டியாக இருந்ததால் சுண்டு என்று கூப்பிட்டோம். இப்போது அப்பனைவிட உயரம், பெயர் மட்டும் சுண்டுவாகவே நின்றுவிட்டது. அவளுடைய அம்மா நோயில் போனபோது அவள் பள்ளிக்கூடத்தின் கீழ் வகுப்புகளில் இருந்தாள். அம்மா இருந்த நாளில் அவள் போடாத கூச்சல் இல்லை. சாக்ஸ் காணோம் என்பதற்குக்கூடக் கட்டிடம் அதிரும். அம்மா போன பிறகு குரலே இறங்கிவிட்டது. அண்ணி வந்ததும் இன்னும் இறங்கியது. "பரவாயில்லைங்க", "நானே எடுத்துக்கறேங்க", "ரொம்ப நன்றிங்க". அண்ணியும் சளைத்தவளில்லை, அதே மரியாதையைத் திருப்பிக் கொடுப்பாள். வீடா, ஆஸ்பத்திரி வரவேற்பறையா என்று எனக்கே சந்தேகம் வரும். எனக்கு அந்த மரியாதையைக் கண்டால் எரிச்சலாக வந்தது.

சுண்டு வாயைத் திறந்து பேசுவது ரோபோக்களைப் பற்றி மட்டும்தான். பின்பக்கம் கண்ணாடி அடைத்த பால்கனியில் அவளுக்கு ஒரு மேஜை. சட்டத்தில் கோத்த பிளாஸ்டிக் துண்டுகளாக வரும் ரோபோவைத் தனித்தனியாக வெட்டி, அரம் போட்டு, ஒட்டி, வர்ணம் அடித்து நிறுத்துவாள். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம் இருக்கும். கதைப்படி அவை அடுக்குமாடிக் கட்டிடத்தைத் தாண்டி நடக்கிற உயரமாம், உள்ளே ஆள் உட்கார்ந்து ஓட்டுவானாம். வார இறுதியில் சைக்கிள் கடை மாடியில் இருக்கும் ரோபோக்காரர்களின் கிளப்புக்கு அவற்றை எடுத்துப் போவாள். அங்கே அட்டைக் கட்டிடங்கள் அடுக்கிய பெரிய மேஜையில் ரோபோக்களை நகர்த்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். ஆடுகிறவர்களில் பாதிப்பேர் தலை நரைத்தவர்கள்.

அந்த வர்ணம் அடிக்கும் வேலையில்தான் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீட்டில் ஹேர் ஸ்ப்ரே வேகமாகத் தீர்ந்தபோது, பெண் ஒருவழியாக அலங்காரம் செய்துகொள்ள ஆரம்பித்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். அத்தனையும் ரோபோவின் மேல் போயிருந்தது. முதலில் துருவின் நிறம் பூசுவாளாம், அதன்மேல் ஸ்ப்ரே, அதன்மேல் பச்சை. காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால் பச்சை அங்கங்கே உரிந்து அடியில் இருக்கும் துரு எட்டிப் பார்க்கும். இப்படிப் புத்தம்புதிதாக வாங்கியதைப் பழையதாக்குவது, சூடான ஊசியால் கீறுவது, துளைபோடும் கம்பியால் குண்டு பாய்ந்த ஓட்டை போடுவது. கிழிந்ததைத் தைத்துப் பிழைக்கிற எனக்கு அதைப் பார்க்கவே கை பதறும்.

அவளுடைய ரோபோக்களில் பெரியவனுக்கு ஒற்றைக்கொம்பன் என்று பெயர். கடையில் வாங்கும்போது தலையில் இரண்டு கொம்பு இருந்தது. முதல் முதலாக அவள் கிளப்பில் ஆடிய ஆட்டத்தில் எதிராளியின் பகடை அதன் தலையில் அடி என்று விழ, வீட்டுக்கு வந்து குறடு எடுத்து ஒரு கொம்பைத் தானே ஒடித்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டேன். பைத்தியமா உனக்கு என்று கேட்டதற்கு, கிளப்பில் அப்படித்தான் வழக்கம் என்றாள். அதோடு புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மேலே ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

பரீட்சை முடிந்த சமயத்தில் அவளுடைய பெரியம்மா, அதாவது அண்ணனின் முதல் மனைவியின் அக்கா, வேறு ஊரிலிருந்து போன் செய்தாள். ரிசல்ட் வந்ததும் இங்கே வந்துவிடு, காலேஜை என் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றாள். சுண்டு சரி என்றாள். அண்ணன் "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல இரண்டு மாடிக்கு நடுவே நின்றான். அண்ணி என் கடைக்கு வந்து தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தாள். சுண்டு போனால் அது தன்னால்தான், ஊர் பேசுவதைவிடத் தன் மனசே அப்படிப் பேசும் என்றாள். போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டாள். நான் என்ன சொல்ல, எனக்கும் அந்தக் குழந்தை போய்விடுமே என்றுதான் இருந்தது. பிடித்ததாக ஏதாவது செய்யுங்கள் என்றேன்.

அடுத்த வாரம் சுண்டு பள்ளித் தோழிகளோடு சுற்றுலா போனாள். அண்ணி பால்கனியைத் துடைக்கப் போனவள் ஒற்றைக்கொம்பனைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். கொம்பு ஒடிந்து, மார்பில் ஓட்டை, முதுகில் நீளமாக ஒரு கீறல், கால் பக்கம் வர்ணம் உரிந்து துரு. அதையெல்லாம் சுண்டு தானே போட்டுக்கொண்டது அண்ணிக்குத் தெரியாது, நானும் சொன்னதில்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. அம்மா இல்லாத பெண், உடைந்ததைக்கூடச் சரிசெய்யத் தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டாள். கைக்குட்டையில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, பல் செய்யும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே மதிய இடைவேளைகளில் அவள் செய்ததை நான் இப்போதும் கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்வேன். ஓட்டைகளைப் பல் செய்யும் பசையால் அடைத்து, இழைத்து, மழமழவென்று ஆக்கினாள். ஒடிந்த இடத்தில் நுண்ணிய துளை போட்டு, கம்பி சொருகி, அதன்மேல் புதுக் கொம்பு வளர்த்தாள். அந்தப் பச்சையைக் கலந்து கலந்து பார்த்து அச்சாகப் பிடித்தாள். முடித்துக் கொண்டுவந்து என் கடையில் வைத்தபோது, எது பழைய கொம்பு, எது புதுக் கொம்பு என்று கண்ணாடி போட்டுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. அண்ணியின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சுண்டு ஊரிலிருந்து வந்த மத்தியானம் நாங்கள் இருவரும் அவள் பின்னாலேயே பால்கனிக்குப் போனோம். அவள் பையைக் கீழே போட்டாள். மேஜையைப் பார்த்தாள். ரோபோவை எடுத்துத் திருப்பி முதுகைப் பார்த்தாள், மார்பை விரலால் தடவினாள். முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் வெடித்தது பாருங்கள், கீழே என் கடையில் ரவிக்கைக்கு அளவு கொடுக்கக் காத்திருந்தவள் மாடிப்படி ஏறி வந்துவிட்டாள்.

"உங்களை யாரு இதைத் தொடச் சொன்னா? யாரு கேட்டா? முதுகுல இருந்த கீறல் எங்கே? அது நான் தோத்துப்போன ஆட்டம். மார்புல இருந்த ஓட்டை, அது அடி வாங்கியும் விழாம நின்ன ஆட்டம். எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களே. இது இப்ப யாரோட ரோபோ? என்னோடது இல்ல இது."

அவர்கள் கிளப்பின் வழக்கம் அப்போதுதான் எங்களுக்கு முழுதாகத் தெரிந்தது. மேஜையில் பட்ட அடி ரோபோவின் உடம்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அன்று வாங்கிய அடியை அவரவர் கையாலேயே போட்டுக்கொள்ள வேண்டும். வருடம் ஒருமுறை எல்லோரும் கூடி ரோபோக்களை வரிசையாக நிறுத்தி, எந்தத் தழும்பு எப்போது, யாரால் என்று சொல்லிக் காட்டுவார்கள். அந்தக் கூட்டம் அடுத்த வாரம். இரண்டு வருட அடியையும் உதையையும் அண்ணி ஒரு வார மதிய இடைவேளைகளில் துடைத்து எடுத்துவிட்டாள்.

சுண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணி போய், கழுவி வைத்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவினாள். அண்ணன் என்னைப் பார்த்தான். "அவ கத்தினாளே, கேட்டியா?" என்றேன். எத்தனை வருடமாகிவிட்டது அந்தக் குரலைக் கேட்டு, கட்டிடம் அதிர்ந்தது. எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. வரவேற்பறையில் யாரும் அப்படிக் கத்துவதில்லை. அண்ணனோ எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு செய்து அறைக்குள் போய்விட்டான்.

ஆனால் சாயங்காலம் அவள் பெரியம்மாவுக்குப் போன் செய்ததும் என் சந்தோஷம் இருந்த இடம் தெரியாமல் போனது. ரிசல்ட் வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை, கிளப் கூட்டம் முடிந்ததும் மறுநாளே வந்துவிடுகிறேன் என்று சொன்னாள். அண்ணி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. ஒரே சட்டையை அவள் எத்தனை தடவை மடித்தாள் என்று நான் எண்ணவில்லை.

மறுநாள் அண்ணி, வேலைக்குப் போகிற வழியில் அந்தக் கிளப்புக்கு வருகிறீர்களா அக்கா என்று என்னைக் கேட்டாள். போனோம். சைக்கிள் கடை மாடியில், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தாடிக்காரர் ஒருவர்தான் அட்டைக் கட்டிடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முதல் ஆட்டத்தில் கொம்பை ஒடிக்க வைத்த எதிராளி அவர்தானாம். அண்ணி போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினாள். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார், தெரிந்தவர் யாரோ செத்துப்போன செய்தி வந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி தன் தப்பைச் சொல்லி, இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள்.

"பழுது பார்க்கிறதுக்குத் தடை இல்லைங்க. சண்டையில அடிபட்டா பட்டறைக்குப் போகும்தானே? ஆனா பட்டறைக்குப் போனது தெரியணும். மாத்தின தகடு தெரியணும், வெல்டிங் தெரியணும். நீங்க வேலையை அவ்வளவு நல்லா பண்ணிட்டீங்க. இதைப் பார்த்தா சண்டைக்கே போகாத ரோபோ மாதிரி இருக்கு."

படியிறங்கி வந்ததும் அண்ணி கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒட்டு தெரிந்தால் வேலை மோசம் என்ற விதிதான் இத்தனை வருடம் அவளுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஒட்டு தெரிய வேண்டும் என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் கிளப்பினேன்.

அன்று சாயங்காலம் சீக்கிரமே வந்தாள். கையில் ஒரு சின்னப் பெட்டி. பால்கனிக் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டாள். நான் அவர்கள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதாவது கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் பால்கனி முழுதும் தெரியும். அண்ணி பெட்டியைத் திறந்து சில பற்களை மேஜைமேல் வரிசையாக வைத்தாள். பழகுவதற்காக அவள் செய்து பார்த்தவை. ஒன்றில் டீக்கறை. ஒன்றில், வெளிச்சத்தில் திருப்பினால் மட்டும் தெரிகிற விரிசல். இன்னொன்றில், எந்நேரமும் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற யாருக்கோ விழுந்த தேய்மானம். வயதானவர் வாயில் பளபளவென்று ஒரு பல் வைத்தால் அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்குமே, அதனால் பக்கத்துப் பற்களில் இருக்கிற கறையையும் கோட்டையும் புதுப் பல்லிலும் போடுவார்களாம். எனக்கு அது புதுச் செய்தி.

சுண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கை சும்மா இருக்குமா. விரிசல் விழுந்த பல்லை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். எந்தத் தூரிகை என்று கேட்டாள். அண்ணி சொன்னாள். சுடுவதற்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டாள். அதற்கும் சொன்னாள். இருவரும் அப்படி ஒரு பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் சுண்டு பல்லைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவு தெரிஞ்சவங்க, அதை மட்டும் ஏன் அப்படிப் பளபளன்னு ஆக்கினீங்க?"

அண்ணி பற்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் எடுத்து வைத்தாள்.

"அது உடைஞ்சு கிடக்கிறதைப் பார்த்தா உனக்கு வலிக்கும்னு நினைச்சேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆக்கிட்டா, நீ இங்கேயே இருப்பியோன்னு நினைச்சேன். நீ போறது எனக்குத் தாங்கலை, சுண்டு."

நான் நறுக்கிக்கொண்டிருந்த காயைப் பார்த்தேன், வேறு எங்கே பார்ப்பது. சுண்டு ரோபோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புதுக் கொம்பை விரலால் ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை, அண்ணி கம்பி வைத்துக் கட்டியதாயிற்றே.

"வலிக்கத்தான் செய்யும். அதுக்காக நடக்கலைன்னு ஆக்க முடியாது. பழைய கொம்பு மாதிரியே ஒண்ணு வேணும்னு நான் கேட்டேனா? இது வேற கொம்புன்னு தெரிஞ்சா போதும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பெரியம்மா வீட்டைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அண்ணியும் கேட்கவில்லை. ஆனால் கூட்டத்துக்கு முன்பு இருந்த நாட்களில் அந்தப் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. அண்ணி அடைத்த ஓட்டைகளின் மேல் தகடு வெட்டி ஒட்டினார்கள், தகட்டின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக ஆணித்தலை வைத்தார்கள். முதுகுக் கீறல் இருந்த இடத்தில் வெல்டிங் கோடு போடும் வேலை அண்ணிக்கு வந்தது. அவள் கை எப்படிப் போட்டாலும் அழகாகவே போட்டது. "இன்னும் அசிங்கமா", "ம்ஹூம், இன்னும் அசிங்கமா" என்று சுண்டு பின்னாலிருந்து விரட்டிக்கொண்டிருந்தாள். கெட்டுப்போகும்படி வேலை செய்யத் தெரியாமல் அண்ணி திணறியதைப் பார்த்து நான் வாயைத் திறந்து, கோரைப்பல் தெரியச் சிரித்தேன்.

புதுக் கொம்பைப் பச்சையிலிருந்து மாற்றினார்கள். அதற்கு நிறம் சுண்டுதான் தேர்ந்தெடுத்தாள். பல்லின் நிறம். ஈறுப் பக்கத்து மஞ்சளில் தொடங்கி நுனியில் சாம்பலாக முடிய வேண்டும் என்றாள், அண்ணி அதை அப்படியே செய்தாள். கொம்பு தலையில் சேரும் இடத்தில் கறுப்பாகத் தடித்த ஒரு வளையம். பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் இரண்டு கொம்பும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தெரிந்தது. நான் சொல்கிறேன், அவ்வளவு கம்பீரமாக அந்த ரோபோவை நான் பார்த்ததில்லை.

இதற்கு நடுவே பெட்டியும் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. சுண்டு ஒருநாள் துணி, ஒருநாள் புத்தகம் என்று வைப்பாள். அண்ணனிடம், நீயாவது ஒரு வார்த்தை கேளேன்டா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது என்றான். அவன் மகளைப் பற்றி அவன் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

கூட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். ரோபோக்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சுண்டுவின் முறை வந்தபோது ஒற்றைக்கொம்பனைத் திருப்பித் திருப்பிக் காட்டி, இந்தத் தகட்டுக்கு அடியில் என்ன இருந்தது, யார் அடித்தது என்று சொல்லிக்கொண்டே போனாள். குரல் கணீரென்று இருந்தது. கொம்புக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். இது ஆட்டத்தில் வந்ததல்ல, எங்கள் வீட்டில் ஒருத்தர் கேட்காமல் ஒட்டிவிட்டார், பெரிய சண்டை போட்டோம், அப்புறம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி எனக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தாள், என் உடம்புக்கு அது எளிதாகவே நடந்தது.

அதன் பிறகு நடந்த ஆட்டத்தில் அந்தத் தாடிக்கார நர்ஸே எதிராளியாக வந்து வாய்த்தார். நடு மேஜையில் அட்டைக் கட்டிடத்துக்குப் பின்னாலிருந்து ஒற்றைக்கொம்பன் வெளியே வந்த நேரம் அவர் பகடையை உருட்டினார். மறுபடி தலையில் அடி. புதுக் கொம்பில். அவர் அண்ணியைப் பார்த்துக் கையெடுத்து மன்னிப்புக் கேட்பதுபோல் தலையைக் குனிந்தார். சுண்டு ஆட்டத்தை விடவில்லை, அந்தக் கொம்போடேயே கடைசிவரை நின்று ஜெயித்தாள்.

மறுநாள் காலை அவளுக்குப் பஸ். பெட்டி வாசல் கதவோரம் நின்றது. அண்ணன் வேலைக்குப் போகாமல், செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தானோ என்னவோ, ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வழியனுப்ப வந்திருந்தேன். சுண்டு குளித்துவிட்டு வந்தாள். ஒற்றைக்கொம்பனைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் அண்ணிக்கு முன்னால் வைத்தாள். கூடவே தூரிகையையும், கறுப்பு வர்ணத்தையும் வைத்தாள்.

"கொம்புல அடி விழுந்திருக்கு. அதை நான் போடக் கூடாது. வச்சவங்கதான் போடணும்."

அண்ணி ரோபோவைக் கையில் எடுத்தாள். நுனியிலிருந்து கீழ்நோக்கி ஒரு விரிசல் போட ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பெரியம்மா. எத்தனை மணி பஸ் என்று கேட்டிருப்பாள். சுண்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு, அண்ணியின் தோளுக்கு மேலாகக் கொம்பையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இல்ல பெரியம்மா, வரலை. லீவுக்கு வரேன். காலேஜ் இங்கேயே பார்த்துக்கறேன். கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல, சண்டை போட்டு முடிச்சாச்சு. சித்திகிட்ட ஒரு வேலை குடுத்திருக்கேன். நான் பக்கத்துல இல்லன்னா மறுபடியும் ஒட்டே தெரியாம பண்ணி வச்சிடுவாங்க."

முடி நுனியால் பல்லுக்கு வர்ணம் வைக்கிற அண்ணியின் கை அப்போது நடுங்கிவிட்டது. விரிசல் நேராக வராமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அவள் துடைக்கத் துணியை எடுத்தாள். சுண்டு போனை வைத்துவிட்டு அந்தத் துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"துடைக்காதீங்க. அடின்னா அப்படித்தான் இருக்கும்."

அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்தான். எழுந்து வாசலுக்குப் போய், கதவோரம் நின்ற பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் அறைக்குள் வைத்தான்.